ஐம்பது ரூபாய்ப் பயம், நாலாயிரம் ரூபாய் உண்மை

செல்போன் முதுகில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் விற்கிறார்கள். தங்க நிறம்; நடுவில் சக்கரம் போல ஒரு வட்டம்; ஓரத்தில், கதிர்வீச்சை 99 சதவீதம் தடுக்கும் என்று பொடி எழுத்தில் ஒரு சத்தியம். கவர், சார்ஜர், டெம்பர்டு கிளாஸ் இவற்றோடு தெருவோரக் கடையில் சரம் சரமாகத் தொங்கும். பேரம் பேசினால் ஐம்பது ரூபாய்க்குப் படியும். ஐம்பது ரூபாயில் மூளையைக் காப்பாற்றிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். ஹெல்மெட் விலை இதைவிடப் பல மடங்கு. அதனால்தான் மூளையைக் காக்க அதை யாரும் வாங்குவதில்லை போலிருக்கிறது.

கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிடக் கூடாது. போன் வேலை செய்வதே அந்தக் கதிர்வீச்சால்தானே? டவருக்கும் கைபேசிக்கும் நடுவே பேச்சைச் சுமந்து போய்வருவது அந்த அலைதான். வேறு தூதுவன் கிடையாது. அதில் 99 சதவீதத்தை ஸ்டிக்கர் தடுத்துவிட்டால் நாம் சொல்லும் ‘ஹலோ’ எப்படிப் போய்ச் சேர்கிறது? போய்ச் சேர்ந்துவிட்டால் ஸ்டிக்கர் எதைத் தடுத்தது? நிஜமாகவே கொஞ்சம் தடுத்தால் இன்னும் மோசம். டவர் எட்டவில்லை என்று போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். ஆக, வேலை செய்யாத ஸ்டிக்கர் ஏமாற்று; வேலை செய்கிற ஸ்டிக்கர் காசு கொடுத்து வாங்கிய வினை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2002லேயே இந்த மாதிரி வில்லைகளை விற்றவர்கள் மீது பொய் விளம்பரக் குற்றம் சாட்டிவிட்டது. நம் கடைகளில் அது இன்னும் புது வரவு.

வெள்ளைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் புத்தி அதிகம் என்று யாரும் தாழ்வு மனப்பான்மை கொள்ள வேண்டாம். 2020இல் பிரிட்டனில், 5ஜியிலிருந்து குடும்பத்தையே காக்கும் என்று ஒரு பென் டிரைவ் விற்றார்கள். விலை 339 பவுண்டு. கணினிப் பாதுகாப்பு நிபுணர்கள் சிலர் அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே 128 எம்.பி. கொள்ளளவுள்ள ஒரு சாதா பென் டிரைவ். மேலே ஒரு வட்ட ஸ்டிக்கர். நம்மூர்ச் சரக்கேதான், விலை மட்டும் பவுண்டில். அதே ஆண்டு ஏப்ரலில், கொரோனாவைப் பரப்புவது 5ஜிதான் என்று அந்த நாட்டில் டஜன் கணக்கில் டவர்களுக்குத் தீ வைத்தார்கள். டவர் மூலம் வைரஸ் பரவும் என்று நம்பியவர்கள், அந்தச் சேதியைப் பரப்பியதும் போனில்தான்.

இந்த வியாபாரத்தின் சிகரம் நெதர்லாந்தில் இருக்கிறது. 2021 டிசம்பரில் அந்நாட்டின் அணுக்கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் 10 பொருள்களைப் பட்டியல் போட்டு, இவற்றை இனி அணியாதீர்கள், பத்திரமாகத் தனியே வையுங்கள் என்று அறிவித்தது. 5ஜியை விரட்டும் பதக்கம், தூங்கும்போது போட்டுக்கொள்ளும் கண்பட்டை, குழந்தைக்கென்றே செய்த ஒரு கைவளை. சோதித்துப் பார்த்தால் அத்தனையும் அயனியாக்கும் கதிர்வீச்சை உமிழ்ந்துகொண்டிருந்தன. தோலைச் சுடக்கூடிய, டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தக்கூடிய ரகம். செல்போன் எந்தக் கதிரை உமிழவே உமிழாதோ, அந்தக் கதிரைச் செல்போனுக்குக் காப்பாக வாங்கிய தாயத்து உமிழ்ந்தது. பெற்றவர்களே காசு கொடுத்து வாங்கிப் பிள்ளையின் கையில் மாட்டிவிட்டார்கள்.

நாம் மட்டும் சளைத்தவர்களா? 2020 அக்டோபரில், ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக் என்ற மத்திய அரசு அமைப்பின் தலைவர் வல்லபாய் கதீரியா, பசுஞ்சாணத்தில் செய்த ஒரு சிப்பை அறிமுகம் செய்தார். போனோடு வைத்துக்கொண்டால் கதிர்வீச்சு வெகுவாகக் குறையும், இது அறிவியலில் நிரூபணமாகிவிட்டது என்றார். நூற்றுக்கணக்கான கோசாலைகளில் தயாராகிறது என்றார். உள்ளூர் விலை 50 முதல் 100 ரூபாய். அமெரிக்காவுக்குப் போனால் 10 டாலர். விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து கேள்வி எழுப்பினார்கள். சோதனை எங்கே நடந்தது, யார் செய்தார், எந்த ஆய்விதழில் வந்தது என்ற பள்ளிக்கூடக் கேள்விகள்தான். அடுத்த சில மாதங்களில் அதே ஆயோக் நாடு முழுவதும் பசு அறிவியல் தேர்வு நடத்தக் கிளம்பி, ஊர் சிரித்த பிறகு தள்ளிவைத்தது.

சாணத்தின் மேல் குறை இல்லை. வயலுக்கு உரம், அடுப்புக்கு வரட்டி, வாசலுக்குத் தெளிப்பு என்று அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துவருகிறது. அதன் தலையில் மின்காந்த இயற்பியலை ஏற்றிவைத்து, அரசாங்க முத்திரையோடு மேடையில் நிறுத்தியவர்கள்தான் தங்கள் வேலையைச் செய்யவில்லை. தெருவோரக் கடைக்காரருக்கு வயிற்றுப்பாடு என்று ஒரு காரணமாவது உண்டு. மக்கள் வரிப்பணத்தில் உட்கார்ந்துகொண்டு தாயத்து விற்பவர்களுக்கு என்ன காரணம்?

சரி, உயிரணுவுக்கு உண்மையில் என்னதான் நடக்கிறது? இதைக் கேட்க ஆளில்லை. பதிலில் விற்கச் சரக்கு இல்லை. 1,800 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஓர் ஒளித்துகளில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 7 மைக்ரோ எலெக்ட்ரான் வோல்ட். உயிரணுவிலுள்ள ஒரு மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி எறிய 10 எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு வேண்டும். பத்து லட்சம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். மாங்காய் அடிக்கக் கல் வேண்டும். பஞ்சை எத்தனை லட்சம் முறை எறிந்தாலும் காம்பு அறாது. எக்ஸ் கதிர் கல் ரகம், போன் அலை பஞ்சு ரகம். அது டி.என்.ஏ.வை நேரே உடைக்க வழியில்லை. நிச்சயமாகத் தெரிந்த விளைவு ஒன்றே ஒன்று: திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகளை ஆட்டிக் கொஞ்சம் சூடேற்றும். நீண்ட நேரம் பேசினால் காது சுடுகிறதே என்றால், அந்தச் சூட்டில் பெரும்பங்கு பேட்டரியும், காற்று புகாமல் காதை அமுக்கிப் பிடித்திருப்பதும்தான்.

இதைச் சொன்னதும் செல்போன் கம்பெனிக்காரர் பூரித்துப்போய்க் கைகொடுக்க வருவார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, உங்களுக்கும் பங்கு வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி லாய், நரேந்திர சிங் இருவரும், மைக்ரோ அலை பட்ட எலிகளின் மூளை உயிரணுக்களில் டி.என்.ஏ. இழை முறிவு தெரிந்தது என்று 1995இல் எழுதினார்கள். பிறகு வேறு ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது சிலவற்றில் வந்தது, சிலவற்றில் வரவில்லை. அறிவியலில் இது சகஜம். சகஜமில்லாதது வேறு. அந்தக் கட்டுரை அச்சேறும் முன்பே, 1994 கடைசியில், மோட்டோரோலா நிறுவனத்திலிருந்து ஒரு குறிப்பு போகிறது: லாய்-சிங் விவகாரத்துக்குப் போர் ஒத்திகை பார்த்து முடித்தாயிற்று என்ற பொருளில். போர் ஒத்திகை! ஓர் உயிரணு உடைந்ததா இல்லையா என்ற கேள்வி வந்தால், நுண்ணோக்கியைத் தேடுபவர் ஆய்வாளர். கேட்டவரைத் தேடுபவரை என்னவென்று அழைப்பது?

2007இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். போன் அலையின் விளைவுகள் பற்றி அதுவரை வந்த 59 சோதனை ஆய்வுகளை எடுத்துவைத்து, எதற்கு யார் பணம் கொடுத்தார் என்று பார்த்தார்கள். தொலைபேசித் தொழிலே முழுச் செலவையும் ஏற்ற ஆய்வுகளில்தான் ‘விளைவு உண்டு’ என்ற முடிவு மிக அரிதாக இருந்தது. மனித உடம்புக்கு அலை தெரிகிறதோ இல்லையோ, காசோலை தெரிகிறது.

அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் சுமார் 3 கோடி டாலர் செலவில் எலிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2018இல் இறுதி அறிக்கை வெளியிட்டது. தினம் 9 மணி நேரம், இரண்டு வருஷம், உடம்பு முழுக்க அலை. ஆண் எலிகள் சிலவற்றின் இதயத்தில் கட்டி வந்தது. ‘தெளிவான ஆதாரம்’ என்று அறிக்கை சொன்னது. பெண் எலிகளிடம் அந்தத் தெளிவு இல்லை, சுண்டெலிகளிடமும் இல்லை. இன்னொரு வேடிக்கை: அலை பட்ட ஆண் எலிகள், படாத எலிகளைவிட அதிக நாள் வாழ்ந்தன. பயம் விற்பவர் முதல் பாதியை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பினார். நிம்மதி விற்பவர் பின்பாதியை மட்டும் மேற்கோள் காட்டினார். ஆயுள் கூடும் என்று ஒரு ஸ்டிக்கர் இன்னும் வராதது ஆச்சரியம்தான்.

போனை எப்படிச் சோதித்துச் சான்று தருகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் ஒரு மண்டை. அளவு அமெரிக்க ராணுவத்தின் பருத்த தலை ஆண்களைப் பார்த்து எடுத்தது. மூளைக்குப் பதிலாக உள்ளே சர்க்கரையும் உப்பும் கலந்த ஒரு திரவம். காதோரம் போனை வைத்துவிட்டு, ரோபோ கையொன்று திரவத்துக்குள் ஊசியை விட்டு அலையை அளக்கும். ஒரு கிராம் திசு உறிஞ்சும் சக்தி, கிலோவுக்கு 1.6 வாட் என்பது இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் வரம்பு. *#07# என்று அடித்தால் பல போன்களில் இந்த அளவு திரையில் வரும். அத்தனை பெரிய தலைக்குப் பொருந்திய சான்று, சோறு ஊட்டும்போது போனை முகத்தோடு ஒட்டிப் பிடித்திருக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பொருந்தும் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. 2023 செப்டம்பரில் பிரான்ஸ் அரசு, அனுமதித்த அளவைத் தாண்டியது என்று ஐபோன் 12 விற்பனையையே நிறுத்திவைத்தது. ஆப்பிள் மென்பொருளைத் திருத்திக்கொடுக்க வேண்டி வந்தது. அரசாங்கம் அளந்து பார்த்தது, பேசியது. ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

இனி நம் டீக்கடைக்கு வருவோம். வாயில் பாக்கு, கையில் ஆவி பறக்கும் டீ. எதிர்வீட்டு மாடியில் டவர் வந்ததிலிருந்து ஊருக்கே கேன்சர் வரப்போகிறது என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருக்கிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் போன் அலைகளை ‘2பி’ என்ற பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம் என்ற வரிசையில், வைத்தது உண்மை. அதே முகமை, 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானத்தை 2016இல் அதற்கு மேற்படியான ‘2ஏ’வில் வைத்திருக்கிறது. பாக்கு எல்லாவற்றுக்கும் மேலே முதல் பிரிவில், புகையிலைக்கும் சாராயத்துக்கும் பக்கத்தில். அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்லும், ஆபத்து எவ்வளவு என்பதை அல்ல. ஆனாலும் அண்ணாச்சி, உங்கள் வாயில் இருப்பதற்கு ஆதாரம் மிக உறுதி. உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 63 ஆய்வுகளை அலசிய 2024ஆம் ஆண்டு அறிக்கை, போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றே சொன்னது. பாக்குக்கு அப்படி ஒரு நற்சான்று ஒருநாளும் வரப்போவதில்லை.

டவரைத் துரத்திவிட்ட வீட்டுக்காரர்களே, சிக்னல் இல்லை என்று கம்பெனிக்கு போன் போட்டுத் திட்டுவதும் உண்டு. டவர் தூரமானால் போன் இன்னும் பலமாக முயலும். உடம்பில் படுவதில் பெரும்பங்கு தூரத்து டவரிலிருந்து அல்ல, காதோரம் பிடித்திருக்கும் போனிலிருந்துதான். பக்கத்து வீட்டு மாடியில் டவர் வந்தால் கதிர்வீச்சு, நம் வீட்டு மாடியில் வந்தால் மாத வாடகை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது.

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை. தில்லியில் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்து நோயாளிகள் செத்தார்கள். கங்கையில் பிணங்கள் மிதந்தன. அந்த நாட்களில் வட மாநிலங்களில் பரவிய சேதி என்ன? சாவுக்குக் காரணம் வைரஸ் அல்ல, 5ஜி டவர். அப்போது இந்தியாவில் 5ஜி எங்கேயும் இல்லை என்று தொலைத்தொடர்புத் துறையே அறிக்கை விட வேண்டியிருந்தது. சேவை தொடங்கியது 2022 அக்டோபரில். இல்லாத டவர் கொன்றது. இல்லாத ஆக்சிஜன் கொல்லவில்லை! அந்த மாதக் கடைசியில் நடிகை ஜூஹி சாவ்லா 5ஜிக்கு எதிராக தில்லி உயர் நீதிமன்றம் போனார். காணொலி விசாரணைக்கு நடுவே யாரோ புகுந்து அவருடைய படப் பாட்டைப் பாடினார். நீதிமன்றம் விளம்பர வழக்கு என்று தள்ளுபடி செய்து 20 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது; பிறகு அது 2 லட்சமாகக் குறைந்தது. ஆக்சிஜன் இல்லாமல் செத்தவர்களுக்காக யாருக்கு எவ்வளவு அபராதம்?

பொய்ப் பயத்தின் உண்மையான உபயோகம் இதுதான். கண்ணுக்குத் தெரியாத அலைமேல் பழியைப் போட்டால், கண்ணுக்குத் தெரிகிற யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சிட்டுக்குருவி குறைந்த விஷயத்தையும் அப்படித்தான், டவர்மேல் பழியைப் போட்டு முடித்துவிட்டோம். 2018இல் ஷங்கரின் ‘2.0’ வந்தது. டவர்களால் பறவைகள் செத்து விழுவதைப் பார்த்து ஊரே கண்ணீர் விட்டது. செல்போன் கம்பெனிகளின் சங்கம் படத்துக்கு எதிராகத் தணிக்கைக் குழுவிடம் புகார் கொடுத்து இலவச விளம்பரமும் செய்தது. படம் முடிந்ததும் எல்லோரும் செல்போனில் பைக் டாக்சி கூப்பிட்டு வீட்டுக்குப் போனார்கள். 2020இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, நாடு முழுவதும் சிட்டுக்குருவி எண்ணிக்கை 25 ஆண்டுகளில் ஏறத்தாழ நிலையாகவே இருந்ததாகவும், சென்னை போன்ற பெருநகரங்களில் குறைந்ததாகவும் சொன்னது. நகரத்தில் ஓட்டுக்கூரை போய் கான்கிரீட் வந்ததால் கூடு கட்ட இடுக்கில்லை. குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லை. ஆனால் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் கட்டடம் எழுப்பியவர்களை வில்லனாக்கிப் படம் எடுக்க யார் பணம் போடுவார்கள்?

அலை பறவையைத் தொடவே தொடாது என்றும் நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹென்றிக் மௌரிட்சன் குழுவினர், வலசை போகும் ராபின் பறவைகள் திசை தெரியாமல் தடுமாறுவதைக் கவனித்தார்கள். மரக் குடிசைகளைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, தரையோடு மின் இணைப்பு கொடுத்தார்கள். பறவைகளுக்குத் திசை திரும்ப வந்துவிட்டது. இணைப்பைத் துண்டித்தால் மறுபடி தடுமாற்றம். வருஷக்கணக்கில் இதையே திரும்பத் திரும்பச் செய்து, 2014இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பறவையின் காந்த உணர்வைக் கெடுத்தது 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மின் இரைச்சல், மின்சாதனங்களும் ஏ.எம். வானொலியும் உமிழும் ரகம். செல்போன் அலை அதற்கும் வெகு மேலே. மிகப் பலவீனமான ஓர் அலை ஓர் உயிரின் நுண்ணிய உணர்வைத் தொட்ட நிஜமான கதை இதுதான். இதற்குப் படமும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. தகடு அடித்து, இணைப்பை மாற்றி மாற்றிச் சரிபார்ப்பதில் யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அந்தப் பொறுமைக்கு நம் அரசு என்ன விலை வைத்தது என்று பாருங்கள். டவர் அலைகளுக்கு, சர்வதேச வழிகாட்டு அளவில் பத்தில் ஒரு பங்குதான் வரம்பு என்று 2012 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். 2017இல் ‘தரங் சஞ்சார்’ என்ற இணையதளம் திறந்து, உங்கள் பகுதி டவரை அளந்துபார்க்க விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதுவும் நல்ல காரியம். கட்டணம் 4,000 ரூபாய் என்றார்கள். மாடியில் டவர் வைத்தவனுக்கு வாடகை வரும். அதன் நிழலில் குடியிருக்கும் தையல்காரர், தன் தலைமேல் விழுவது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள 4,000 கட்ட வேண்டும். சாணி சிப் 50 ரூபாய். அவர் எதை வாங்குவார்? அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று பரிகசிக்க எந்த அதிகாரிக்கு யோக்கியதை இருக்கிறது? உண்மையைப் பணக்காரர் கடையில் பூட்டிவைத்துவிட்டு, ஏழை பொய்யை வாங்குகிறான் என்று சிரிப்பது அயோக்கியத்தனம்.

அளந்து பார்த்துவிட்டு, தெரியாததைத் தெரியாது என்று சொன்னவரும் உண்டு. 2011இல் அமெரிக்காவில் நோரா வோல்கோ என்ற ஆய்வாளர் 47 பேரை வைத்துப் பார்த்தார். 50 நிமிடம் போனைக் காதோரம் வைத்ததில், ஆன்டெனாவை ஒட்டிய மூளைப் பகுதி ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாகக் குளுகோஸை எரித்தது. உடல்நலத்துக்கு இதன் அர்த்தம் என்ன என்பது தெரியாது என்று அவர் எழுதிவைத்தார். நாணயமுள்ள வார்த்தை அது. சாணத்தை மேடையேற்றியவரும் அதைச் சொல்லவில்லை, போர் ஒத்திகை பார்த்த கம்பெனியும் சொல்லவில்லை.

டவரை அளக்க மக்களிடம் காசு வாங்காதீர்கள். அளந்த எண்ணை, வரம்பு எண்ணோடு சேர்த்து, ஒவ்வொரு டவரின் அடியிலும் தமிழில் எழுதி வையுங்கள். கம்பெனிகளிடமிருந்து பணத்தை வாங்கி, அவர்கள் கைபடாத ஒரு நிதியில் போட்டு, உயிரணு ஆய்வைப் பல்கலைக்கழகங்களிடம் விடுங்கள். கதிர்வீச்சைத் தடுக்கும் என்று எதை விற்றாலும், விற்பவர் ஆயோக் தலைவரே ஆனாலும், வழக்குப் போடுங்கள். வாசகர்களே, நாளைக்கு யாராவது போன் ஆபத்து என்றோ ஆபத்தே இல்லை என்றோ உங்களிடம் சொன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள்: யார் அளந்தது? யார் பணம் கொடுத்தது? பதில் வராவிட்டால், அவர் உங்கள் உயிரணுவைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் சட்டைப்பையைப் பற்றிப் பேசுகிறார்.